பிரதேச சபையின் பாதை லயத்து வாசல் வரை வரட்டும்

எமது அங்கத்தவர்கள் நிறைந்த ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக்குப் போகும் பாதையில், சென்ற மழையில் மதகு ஒன்று உடைந்தது. லொறி போகாது, ஓட்டோ போகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலகை போட்டுத் தாண்டுகிறார்கள். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் சேர்ந்து மூன்று கடிதங்கள் எழுதினார்கள். தோட்டக் காரியாலயத்திலிருந்து, "இந்தப் பாதையால் கொழுந்து ஏற்றுவதில்லை, எனவே இவ்வருடச் செலவில் இது இல்லை" என்று வாய்மூலம் பதில் வந்தது. பிரதேச சபையிலிருந்து, "எமது வீதிப் பதிவேட்டில் இப்படியொரு வீதி இல்லை" என்று கடிதம் வந்தது. பிரதேச செயலகம் "தேவையான நடவடிக்கைக்காக" என்று எழுதி, கடிதத்தை மீண்டும் தோட்ட முகாமையாளருக்கே அனுப்பிவைத்தது. பலகை இன்னமும் அங்கேயேதான் கிடக்கிறது.

தோட்டத்தின் பெயரை நாம் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை. இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் அது தமது தோட்டம் என்றுதான் நினைப்பார்கள்.

2025 மே மாதம் 6ஆம் திகதி நாம் வரிசையில் நின்று வாக்களித்தோம். ஜூன் மாதத்தில் புதிய சபைகள் கூடின. இப்போது அச்சபைகள் தமது வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் காலம். அடுத்த ஆண்டில் எந்தப் பாதைக்குக் கொங்கிறீட் போடுவது, எந்தச் சந்தியில் விளக்கு வைப்பது, குப்பை வண்டி எங்கே போவது என்பதெல்லாம் வரும் வாரங்களில் காகிதத்தில் எழுதப்படும். அந்தக் காகிதத்தில் மேற்பிரிவு மதகு இருக்குமா என்பதுதான் எமது கேள்வி. தேர்தல் மேடையில் கேட்ட வாக்குறுதிகளைவிட இந்தக் கேள்வி எமக்கு முக்கியம்.

இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. 1931இல் இந்நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் 1930களின் இறுதியில் கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை விரிவாக்கப்பட்டபோது, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளி அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார். தோட்டம் கிராமம் அல்ல, அது துரையின் ஆட்சிப் பகுதி என்பதே அன்றைய எண்ணம். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எமது மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் 1974இன் உடன்படிக்கையும் எம்மைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டன. 1988இன் சட்டமும் 2003இன் சட்டமும் வந்த பின்னர்தான் நாடற்றவர் என்ற பெயர் ஒழிந்தது. ஒரு மனிதர் நாட்டின் பிரஜையாக ஏற்கப்படுவதற்கே இத்தனை காலம் ஆனதென்றால், ஊரின் பிரஜையாக ஏற்கப்படுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. மக்களின் வாசலுக்கே ஆட்சி வருகிறது என்றார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவின் வாசகம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடந்தரவில்லை என்றே மூன்று தசாப்தங்களாகப் பொருள் கொள்ளப்பட்டது. நாம் வாக்களித்தோம், எமது ஆட்களே உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் வந்தார்கள். ஆனால் தாம் பிறந்த லயத்துக்கு ஒரு பீப்பாய் தார் அனுப்ப அவர்களால் முடியவில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு அந்த முட்டுக்கட்டை நீங்கியது. அதே காலத்தில், தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்ற பெயர்களில் புதிய சபைகள் வந்தன. இவை எமது மக்கள் நீண்ட காலம் கேட்டுப் பெற்றவை. யாரும் சும்மா தந்தவை அல்ல.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குப் பணம் இல்லை என்றார்கள். தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளை அதிகாரிகளே நடத்தினார்கள். மலையகத்துக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோமே, அப்போது எமது பிரதேசத்தில் ஒரு பிரதேச சபை உறுப்பினர் கூடப் பதவியில் இருக்கவில்லை.

இப்போது சட்டமும் இருக்கிறது, சபையும் இருக்கிறது. பிறகு ஏன் மதகு உடைந்தபடி கிடக்கிறது? இங்கேதான் நாம் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது காரணம் காணி. தோட்டக் காணி அரசுக்குரியது, நீண்ட காலக் குத்தகையில் கம்பனிகளிடம் இருக்கிறது. தோட்டப் பாதை சபையின் வீதியாகப் பதியப்படாத வரை, அதில் பணம் போட்டால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று சபைச் செயலாளர்கள் அஞ்சுகிறார்கள். பாதையைச் சபைக்கு ஒப்படைத்தால் தோட்டத்தின் மீதான பிடி தளரும் என்று நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. இந்த இரண்டு அச்சங்களுக்கும் இடையில் எமது பிள்ளைகள் பலகையில் நடக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் வருமானம். ஒரு சபைக்குச் சோலைவரி கிடைப்பது பெரும்பாலும் கடைவீதிகளிலிருந்து. முத்திரைத் தீர்வை கிடைப்பது காணி வாங்கி விற்கும் இடத்திலிருந்து. தோட்டத்தில் காணி கைமாறுவதில்லை, லயக் காம்பராவுக்கு உறுதி இல்லை. ஆகவே தோட்டங்கள் நிறைந்த சபை ஏழைச் சபையாகவே இருக்கிறது. காணியுரிமை மறுக்கப்பட்டது எமது குடும்பங்களை மட்டுமல்ல, எமக்கு உதவ வேண்டிய சபையையும் வறுமையாக்கியது. ஏக்கர் வரி என்று சட்டத்தில் ஒன்று உண்டு. பெரும் பரப்புகளைப் பயிரிடும் கம்பனிகளிடமிருந்து அது உரியபடி அறவிடப்படுகிறதா என்று ஒவ்வொரு சபையிலும் எமது உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நாமே. இதைச் சொல்ல எமக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் அதிகாரம் என்பது ஆரம்பத்தில் துரையிடமும் பெரிய கங்காணியிடமும் இருந்தது. தொழிற்சங்கம் வந்து அதை உடைத்தது. பிரட்டுக்களத்தில் தலை குனிந்து நின்ற மனிதர், சங்கம் இருக்கிறது என்ற தைரியத்தில் தலை நிமிர்ந்தார். அது எமது பெருமை. ஆனால் காலப்போக்கில் சங்கமும் ஓர் அதிகாரமாக மாறியது. சபையால் செய்ய முடியாததை அமைச்சரின் நிதியிலும் நாடாளுமன்ற உறுப்பினரின் நிதியிலும் கொண்டுவந்தோம். கொண்டுவந்தது நல்லதுதான். ஆனால் கூரைத் தகடு யாருக்கு, தண்ணீர்த் தாங்கி எந்த லயத்துக்கு என்பது சந்தாப் பணம் எந்தச் சங்கத்துக்குப் போகிறது என்பதைப் பார்த்து முடிவான இடங்கள் உண்டு. பக்கத்து லயத்தில் வேறு சங்கத்துக் குடும்பம் இருட்டில் இருக்க, எமது லயத்துக்கு மட்டும் விளக்கு வந்தபோது, அதை வெற்றி என்று நாம் கொண்டாடியிருக்கிறோம். அது வெற்றியல்ல.

உள்ளூராட்சி என்பதன் அர்த்தமே இதை மாற்றுவதுதான். அமைச்சர் தரும்போது அது உதவி. உதவிக்கு மாலை போட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், அடுத்த தேர்தலில் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். சபை செய்யும்போது அது சேவை. சேவை நடக்காவிட்டால் ஏன் என்று கேட்கலாம், அடுத்த மாதக் கூட்டத்திலும் கேட்கலாம். துரையிடமும் தலைவரிடமும் அமைச்சரிடமும் கைகட்டி நிற்கும் பழக்கத்தை ஒழிக்கக்கூடியது, கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு சபைதான்.

ஆனால் சபை வந்துவிட்டால் மட்டும் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள் என்று நம்புவதும் தவறு. கடல் கடந்து பார்ப்போம். இந்தியாவில் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அவர்களின் தொகைக்கேற்பவும் இடம் ஒதுக்கியது. இருந்தும் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தல் உருப்படியாக நடக்க விடப்படவில்லை. 2006இல்தான் அந்த முடக்கம் தீர்ந்தது. சட்டம் கதவைத் திறந்தது, ஊரின் பழைய அதிகாரம் வாசலில் குந்திக்கொண்டது.

அதே இந்தியாவில் வேறொரு காட்சியும் உண்டு. கேரளத்தின் மூணாறில், எம்மைப் போலவே தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டும் கூலி கேட்டும் வீதியில் இறங்கினார்கள். கம்பனியை மட்டுமல்ல, தம்மை நடத்திய ஆண் தலைமைச் சங்கங்களையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் அதே ஆண்டு நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில ஆசனங்களையும் வென்றார்கள். தொழிற்சங்கம் நடத்தும் எமக்கு அந்தச் செய்தி இனிப்பானதல்ல. ஆனால் அதிலிருந்து படிக்க வேண்டியவர்கள் நாமே.

எமது நாட்டில் உள்ளூராட்சிச் சபைகளில் பெண்கள் 2018க்கு முன்னர் 2 சதவீதம் அளவிலேயே இருந்தார்கள். 25 சதவீத ஒதுக்கீடு வந்த பின்னர் அது ஐந்தில் ஒன்றுக்கு மேல் உயர்ந்தது. தோட்டத்துப் பெண்களும் சபைக்குப் போனார்கள். ஆனால் அவர்களிற் பலர் வட்டாரத்தில் நின்று வென்றவர்களாக அன்றி, பட்டியலிலிருந்து நியமிக்கப்பட்டவர்களாகவே போனார்கள். "உங்களுக்கு வட்டாரம் இல்லையே" என்று சொல்லி அவர்களுக்கு வேலைத்திட்டங்கள் பிரித்துக் கொடுக்கப்படாத சபைகள் உண்டு. கூட்டத்துக்குப் போனால் அன்றைய பெயர் விழாது, அந்த நாட்கூலி நட்டம். பின்னேரம் கூட்டம் முடிந்து கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் பேச்சு. இவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைப் பற்றியும் பிள்ளை மடுவத்தைப் பற்றியும் மலசலகூடத்தைப் பற்றியும் சபையில் வாய் திறந்தவர்கள் அந்தச் சகோதரிகளே. தண்ணீர் சுமப்பவருக்குத்தான் குழாயின் தூரம் தெரியும்.

பெண்கள் மட்டுமல்ல. தோட்டத்தில் குடியிருப்போரில் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளர் அல்லர். கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள், ஓட்டோ ஓட்டுபவர்கள், ஓய்வு பெற்ற முதியவர்கள், தனித்து வாழும் தாய்மார் என்று பலர் இருக்கிறார்கள். தோட்டக் காரியாலயத்தின் கணக்கில் இவர்கள் இல்லை. சங்கத்தின் சந்தாப் பட்டியலிலும் இவர்கள் இல்லை. இவர்களுக்கு என்று இருப்பது பிரதேச சபை ஒன்றுதான். அத்துடன் இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். லயத்தில் யார் எந்தத் தொங்கலில் குடியிருத்தப்பட்டார்கள், கோவில் திருவிழாவில் யார் முன்னே நின்றார்கள், யார் வீட்டிலிருந்து தலைவர் வந்தார், யார் வீட்டிலிருந்து ஒருபோதும் வரவில்லை என்பது எமக்குத் தெரியாததல்ல. சாதியைப் பற்றி மேடையில் பேசாததால் அது தோட்டத்தை விட்டுப் போய்விடவில்லை. சபைக்கு வேட்பாளரைத் தெரிவு செய்யும்போதும் தோட்டக் கமிட்டியைத் தெரிவு செய்யும்போதும் இதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்து மக்களையும் மறந்துவிடக் கூடாது. எமது தோட்டப் பாதையால்தான் அவர்களின் மரக்கறி மூட்டைகளும் சந்தைக்குப் போகின்றன. மதகு உடைந்தால் அவர்களுக்கும் நட்டம். தோட்டத்துக்குக் கொடுத்தால் கிராமத்துக்குக் குறையும் என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் மோதவிட்டு வாக்குச் சேர்த்தவர்கள் உண்டு. ஒரே மனுவில் இரு பக்கத்தாரும் இரு மொழியிலும் கையெழுத்திட்டுச் சபைக்குப் போனால் அந்த வியாபாரம் படுத்துவிடும்.

எமது தோழர்கள் சிலர் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். பாதையையும் தண்ணீரையும் சபை பொறுப்பேற்றால், கம்பனி தன் பொறுப்பிலிருந்து நழுவிவிடாதா? நழுவத்தான் பார்க்கும். ஆகவே எமது நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவைக்கிறோம். தொழிலாளிக்குத் தொழில் தருபவர் செய்ய வேண்டிய கடமை வேறு, பிரஜைக்கு அரசாங்கமும் சபையும் செய்ய வேண்டிய கடமை வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க நாம் விடமாட்டோம். வேலைத்தலத்தின் தண்ணீர், மலசலகூடம், பிள்ளை மடுவம், மருத்துவ வசதி ஆகியவற்றில் நிர்வாகத்தின் கடமை ஒரு சதமும் குறையாது. ஆனால் பொதுப் பாதை, தெரு விளக்கு, குப்பை அகற்றல், மயானம், நூலகம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றை நாம் துரையிடம் கேட்கத் தேவையில்லை. ஊரவர் எல்லோரும் கேட்கும் இடத்தில் நாமும் கேட்போம்.

இன்னொரு அச்சம் வரியைப் பற்றியது. ஏழு பேர்ச்சிலும் பத்துப் பேர்ச்சிலும் வீடு கிடைத்த குடும்பங்கள், சபைக்குள் வந்தால் சோலைவரி கட்ட வேண்டுமே என்று தயங்குகின்றன. உறுதிப்பத்திரமும் சேவையும் தராமல் வரி கேட்டால் நாம் எதிர்ப்போம். உறுதியும் வீட்டிலக்கமும் பாதையும் தந்து, ஏனைய ஊர்களைப் போல வரி கேட்டால் கட்டுவோம். வரிப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவரை, "இது உங்கள் ஊர் அல்ல" என்று எந்தக் காரியாலயமும் திருப்பி அனுப்ப முடியாது. இன்றும் எத்தனையோ பேருக்குத் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் விலாசம், கடிதம் காரியாலயத்தைச் சுற்றித்தான் வீட்டுக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து வந்ததால் வேலையை இழந்த பிள்ளைகளை நாம் அறிவோம். ஒரு வீட்டிலக்கத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வரவு செலவுத் திட்டம் நிறைவேறுவதற்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம்.

தோட்டத்தின் எல்லாப் பிரிவுகளையும் நடந்து பார்த்துப் பாதைகள், மதகுகள், விளக்கில்லாத இடங்கள் ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். இந்தப் பட்டியலைத் தலைவர் தனியே எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போட்டு, எந்தச் சங்கம் என்று பாராமல் எல்லோரையும் அழையுங்கள். பெண்களும் இளைஞர்களும் பேசி முடித்த பிறகு தலைவர் பேசட்டும். முதலில் எது என்பதைத் தேவையைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

அந்தப் பாதைகளைச் சபையின் வீதிப் பதிவேட்டில் சேர்க்கும்படி எழுத்தில் கோருங்கள். ஒரு பிரதியைத் தவிசாளருக்கும், ஒன்றை வட்டார உறுப்பினருக்கும், ஒன்றைத் தோட்ட முகாமையாளருக்கும், ஒன்றை எமது மாவட்டக் காரியாலயத்துக்கும் அனுப்புங்கள். நிர்வாகத்துடனான பேச்சுவார்த்தையைச் சங்கம் நடத்தும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். பிரதேச சபையும் அச்சட்டத்துக்கு உட்பட்டது. எமது வட்டாரத்தில் கடந்த ஆண்டு செலவான தொகை எவ்வளவு, அதில் தோட்டங்களுக்குள் செலவானது எவ்வளவு என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். தமிழில் பதில் பெறுவது எமது உரிமை. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு உதவ எமது காரியாலயங்களில் ஆள் இருக்கும்.

சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத குடியிருப்பாளர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. தோட்டத்திலிருந்து ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணையும், தோட்டத்தில் வேலை செய்யாத ஓர் இளைஞரையும் அக்குழுக்களுக்குப் பிரேரியுங்கள். சபைக் கூட்டத்தைப் பார்வையிடவும் மாதந்தோறும் இருவர் போய் வாருங்கள். யாரோ பின்னால் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பேசுபவர்களின் பேச்சு மாறும்.

எமது சங்கத்தின் சார்பில் சபைகளில் இருக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை அனுப்பியது சங்கம், தெரிவு செய்தது வட்டார மக்கள். உங்கள் வாசலுக்கு வருபவரிடம் அங்கத்துவ அட்டையைக் கேட்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்துக்கு வந்து, என்ன செய்தேன், என்ன முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று சொல்லுங்கள். முடியாததைச் சொன்னால் மக்கள் கோபிக்கமாட்டார்கள். வராமல் இருந்தால்தான் கோபிப்பார்கள். நியமன உறுப்பினர்களான சகோதரிகளுக்கு வேலைத்திட்டங்களில் சமபங்கு கிடைக்காவிட்டால், முதலில் எழுந்து கேட்க வேண்டியவர்கள் எமது ஆண் உறுப்பினர்களே.

கூலிப் போராட்டம்தான் சங்கத்தின் வேலை, பாதையும் விளக்கும் அரசியல்வாதியின் வேலை என்று சிலர் சொல்வார்கள். மலையிலிருந்து இறங்கிய தொழிலாளி, இருட்டில் வழுக்கி விழும் பாதையால்தான் வீட்டுக்குப் போகிறார். அவரின் நாள் எட்டு மணித்தியாலத்தில் முடிவதில்லை. மீதி நேரத்திலும் அவர் மனிதராக வாழ வேண்டும் என்றால், அவருக்கு ஓர் ஊர் வேண்டும். அந்த ஊரில் அவர் வாடகைக்கு இருப்பவராக அல்ல, உரிமையோடு இருப்பவராக வாழ வேண்டும்.

மேற்பிரிவு மதகுக்கான மனுவில் இம்முறை இருநூறுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மூன்று சங்கங்களைச் சேர்ந்தவர்களும், எந்தச் சங்கத்தையும் சேராதவர்களும், கீழேயுள்ள சிங்களக் கிராமத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். சபை என்ன செய்கிறது என்பதை அடுத்த இதழ்களில் எழுதுவோம். உங்கள் தோட்டத்து மனுவின் பிரதியையும் எமக்கு அனுப்பிவையுங்கள்.